பாறையைப் படமெடுக்கப் பழகுவோம்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் குடியிருப்பவர்களுக்கு வாய்த்த ஒரு வசதியை அவர்களே பெரிதாக நினைப்பதில்லை. தெற்கே செம்மோர், தம்புன், ஈப்போ, கோப்பெங் என்று நீளும் கிந்தா பள்ளத்தாக்கில், சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகள். வடமேற்கே கோலகங்சாரைத் தாண்டினால் பாடாங் ரெங்காஸில் தனியாக நிற்கும் குனோங் போண்டோக் (மலாயில் குனோங் என்றால் மலை). கிழக்கே வானத்தை அடைத்துக்கொண்டு தித்திவங்சா மலைத்தொடர். பேருந்திலும் இரயிலிலும் இவற்றைக் கடந்து போகும்போது நாம் கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு பணம் சேர்த்து, சீனத்தின் குயிலினுக்கோ வியட்நாமின் ஹாலோங் விரிகுடாவுக்கோ போய், இதே வகைப் பாறையை அன்றுதான் முதன்முதலாகக் கண்டவர்போல் படமெடுத்துத் தள்ளுவோம். வீடு வந்து பார்த்தால், நேரில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த மலை படத்தில் கட்டைவிரல் உயரம்கூட இருக்காது.

பயணத்தில் ஓர் இடத்தில் கிடைப்பது இரண்டு காலை, இரண்டு மாலை. அதற்குள் புது ஊரையும் வெயிலையும் கேமராவையும் ஒருசேரப் பழகிக்கொள்வது நடக்கிற காரியமல்ல. பழகுவதை ஊரிலேயே முடித்துக்கொண்டு விமானம் ஏறுங்கள். கேமரா வைத்திருப்பவருக்கும் கைப்பேசி மட்டும் வைத்திருப்பவருக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொதுவானதே.

முதல் படி: மலையைப் படியுங்கள்

கிந்தா மலைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் உயிரினங்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகிய கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலத்துக்குச் சுண்ணாம்புக்கல் கரையும். வெடிப்புகளின் வழியே இறங்கும் நீர் குகை குடைகிறது. மலையடியில் தேங்கும் நீர் அடிப்பாறையை அரிக்கிறது. பிடிமானம் போன மேற்பாறை பெயர்ந்து விழ, மிஞ்சுவதுதான் நாம் பார்க்கும் செங்குத்து முகம். கிந்தா பள்ளத்தாக்கு 2018இல் தேசிய புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டதற்கு இந்த மலைகளே முக்கியக் காரணம்.

இது பூகோளப் பாடம் போலத் தோன்றினாலும் படத்துக்கு நேரடியாக உதவும். ஒரு மலைமுகத்தைத் தொலைநோக்கி வழியாகவோ கேமராவின் ஜூம் வழியாகவோ ஐந்து நிமிடம் நிதானமாகப் பாருங்கள். மேலிருந்து இறங்கும் கறுப்புக் கோடுகள் மழைநீர் வழியும் தடங்கள். பாசியும் நுண்ணுயிரும் படிந்து கறுத்தவை. காவியும் செம்மஞ்சளுமான கறைகள் இரும்புச்சத்தால் வந்தவை. பளிச்சென்ற வெள்ளைத் திட்டு தெரிந்தால், அண்மையில் கல் பெயர்ந்த இடம், அல்லது மனிதர் உடைத்த இடம். மேற்பாறை துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில் வெளிச்சுவரிலேயே சுண்ணாம்பு விழுதுகள் தொங்கும். அடிவாரத்தை ஒட்டிக் கிடையாக உள்வாங்கிய பள்ளம் ஒன்று ஓடினால், அது பழைய நீர்மட்டத்தின் தழும்பு.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். "மலை அழகாயிருக்கிறது" என்ற நினைப்போடு எடுத்த படம் பெரும்பாலும் மொட்டையாக இருக்கும். "அந்தக் காவிச் சுவர்மேல் ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள் இறங்குகின்றன" என்று வாய்விட்டுச் சொல்ல முடிந்த பிறகு எடுத்த படத்தில், பார்ப்பவரின் கண் தங்க ஓர் இடம் இருக்கும். கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னாலேயே முடிய வேண்டிய வேலை இது.

இரண்டாம் படி: எந்த முகத்துக்கு எப்போது வெயில்

என்னைக் கேட்டால், பாறைப் படத்தில் பாதி வேலை இதுதான். செயற்கைக்கோள் வரைபடத்தில் மலையைத் தேடிப் பிடித்து, அதன் ஒவ்வொரு முகமும் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கிழக்கு முகத்துக்குக் காலை, மேற்கு முகத்துக்கு மாலை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வடக்கு முகமும் தெற்கு முகமும்தான் புதியவர்களை ஏமாற்றுபவை.

நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 5 பாகையில் இருக்கிறோம். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்து போகும். மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே ஜூனில் வடக்கு முகத்துக்கு வெயில், டிசம்பரில் தெற்கு முகத்துக்கு. பத்துமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 272 படிகளும் 42.7 மீட்டர் முருகன் சிலையும் தெற்கு நோக்கியவை. தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் பகல் முழுவதும் சிலைக்கும் பாறைக்கும் முகத்தில் வெயில் விழும். ஜூன் நண்பகலில் போனால் வெயில் சிலையின் முதுகுப்பக்கம். பாறை நிழலில் கிடக்கும், வானம் வெளிறிப்போயிருக்கும். அதே இடம், அதே கேமரா, மாதம் மட்டும் வேறு.

சூரியன் உதிக்கும் இடமும் ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையில் 47 பாகை அளவுக்கு நகர்கிறது. கையை நீட்டி விரல்களை விரித்தால் சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரல் வரை ஏறத்தாழ 20 பாகை. இரண்டு சாணுக்கு மேல் நகர்கிறது என்றால், ஜூனில் வாகாக அமைந்த இடம் டிசம்பரில் பயன்படாமல் போகலாம்.

அடுத்தது கடிகாரம். 1982 ஜனவரி 1ஆம் நாள் தீபகற்ப மலேசியா தன் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. அதனால் பேராக்கில் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்கும் 7.30க்கும் இடையில்தான் உதிக்கிறது. உண்மையான நண்பகல் பிற்பகல் 1.15ஐ ஒட்டி வருகிறது. வெளிநாட்டுக்காரர் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு ஆறு மணிக்கு மலைக்கு எதிரே போய் நின்றால் கொசுதான் கடிக்கும்.

பள்ளத்தாக்கின் அமைப்பும் கணக்கைக் கொஞ்சம் மாற்றும். கிழக்கே தித்திவங்சா, மேற்கே கிளேடாங் தொடர். நாட்காட்டி சொல்லும் உதய நேரத்தில் சூரியன் தித்திவங்சாவுக்குப் பின்னால்தான் இருக்கும். மலையைத் தாண்டி வெயில் நம் பாறையைத் தொட மேலும் சில நிமிடம் பிடிக்கும். மாலையில் கிளேடாங் வெயிலைச் சீக்கிரமே விழுங்கிவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் கிட்டத்தட்ட நேராக மேலே ஏறுகிறது, மணிக்கு 15 பாகை வீதம். ஐரோப்பாவில் நெடுநேரம் நீளும் பொன்வெயில் இங்கே அரை மணி, முக்கால் மணியோடு சரி.

அந்த அரை மணியில் நடப்பது பார்க்கத்தக்கது. முதலில் மலையுச்சியில் உள்ள மரங்களின் தலை மட்டும் மஞ்சளாகும். பிறகு ஒளியின் விளிம்பு பாறைச் சுவரில் கீழே இறங்கும். விளிம்புக்கு மேலே எல்லாம் தேன்நிறம், கீழே எல்லாம் நீலச்சாம்பல். அந்தக் கோடு மலையின் மேல் மூன்றில் ஒரு பங்கைக் கடக்கும்போது ஒரு படம், பாதியில் ஒரு படம், அடிவாரத்தைத் தொட்டதும் ஒரு படம் எடுங்கள். பிந்திய படத்தில் மலை முழுவதும் வெயில் இருந்தாலும், முதல் இரண்டுதான் பெரும்பாலும் தேறும்.

வெயில் நமக்குப் பின்னாலிருந்து நேராகப் பாறையில் விழுந்தால் பாறை தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் உரசிக்கொண்டு போனால் ஒவ்வொரு வெடிப்பும் விளிம்பும் தன் நிழலைத் தானே வரைந்துகொள்ளும். இதை நம்ப மலைவரை போகத் தேவையில்லை. பால் வெட்டிய ரப்பர் மரம் ஒன்றைப் பாருங்கள். வெயில் நேராக விழும்போது வெட்டுப் பட்டை வெறும் பழுப்பு. பக்கத்திலிருந்து விழும்போது கத்தி சீவிய ஒவ்வொரு வரியும் எழும்பி நிற்கும். மரத்தைச் சுற்றி நடந்து நான்கு பக்கமும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஒரு காலை நேரப் பயிற்சி போதும்; அதற்குப் பிறகு எந்த ஊர்ப் பாறைக்கு முன்னால் போய் நின்றாலும் கண் முதலில் நிழலைத்தான் தேடும்.

மூன்றாம் படி: பின்னால் நகருங்கள்

புதியவர்கள் மலையடிக்கே போய், இருப்பதிலேயே அகலமான லென்ஸைப் போட்டு, கேமராவை மேலே தூக்கி எடுக்கிறார்கள். அகல லென்ஸ் அருகில் உள்ள புல்லைப் பெரிதாக்கி, தூரத்து மலையைச் சுருக்கிவிடும். கேமராவை மேல்நோக்கிச் சாய்ப்பதால் செங்குத்துச் சுவர் பின்பக்கம் சரிந்து விழுவதுபோல் ஆகிவிடும். கைப்பேசியில் 0.5 என்ற பொத்தானை அழுத்துவதும் இதே வினைதான். கூட்டத்தையோ கல்யாண மண்டபத்தையோ எடுக்க அந்தப் பொத்தான் நல்லது. மலைக்கு வேண்டாம்.

ஒரு கிலோமீட்டரோ இரண்டு கிலோமீட்டரோ பின்னால் போங்கள். அங்கிருந்து 100 மி.மீ. முதல் 200 மி.மீ. வரையான லென்ஸில், அல்லது கைப்பேசியின் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு ஜூம் லென்ஸில் பாருங்கள். மலை சட்டத்தை நிறைத்து எழும்பும். அதற்கு முன்னால் உள்ள செம்பனை வரிசையும் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் கூரையும் கோயில் கோபுரமும் மலையோடு ஒட்டி நிற்கும். அவற்றின் சிறுமையில்தான் மலையின் பெருமை தெரியும். அளவைக் காட்ட ஏதாவது ஒன்று படத்தில் வேண்டும். சாலையில் போகும் லோரி, சைக்கிளில் போகும் பெரியவர், ஒற்றைத் தென்னை, எதுவானாலும் சரி. உங்கள் நண்பரைப் பாறைக்கு முன்னால் நிறுத்தி இரண்டு விரலைக் காட்டச் சொன்னால் அது நண்பரின் படம். அதற்கும் ஒரு மதிப்பு உண்டு, ஆனால் வேறு ஆல்பத்தில் போடுங்கள்.

நம் தோட்டங்களில் ஒரு பருவ நுணுக்கம் இருக்கிறது. ஜனவரிக்குப் பிறகு மார்ச் வரையிலான வறண்ட நாட்களில் பால்மரங்கள் இலை உதிர்க்கும். மற்ற மாதங்களில் பச்சைச் சுவராக மறைக்கும் தோப்பு அப்போது மெலிந்து, நிரைகளுக்கு நடுவே மலை தெரியும். சில வாரங்களில் செம்பு நிறத் தளிர் வந்துவிடும். சாம்பல் பாறைக்கு முன்னால் அந்தத் தளிரைப் போல் பொருத்தமான நிறம் வேறில்லை. செம்பனை இப்படி வழிவிடாது. ஆண்டு முழுவதும் ஒரே அடர்த்தி. பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் மேட்டுப் பகுதியையோ மறுநடவு நடந்த சின்னக் கன்று வயல்களையோதான் தேடிப் போக வேண்டும்.

தோட்டம் தனியார் நிலம். வாயிலில் வண்டியை நிறுத்தி, இறங்கி, வணக்கம் சொல்லிக் கேளுங்கள். "அண்ணே, மலையைப் படமெடுக்க வந்தோம். ஒரு மணி நேரத்தில் போய்விடுவோம்." பெரும்பாலும் கிடைக்கும் பதில், "குலை ஏற்றும் லோரி வரும் பாதையில் நிற்காதே தம்பி, மற்றபடி போ" என்பதுதான். சில இடங்களில் அலுவலகத்தில் கேட்கச் சொல்வார்கள். கேட்டுவிட்டுப் போனால் அடுத்த முறை வாயில் தானாகத் திறக்கும்.

செம்மோருக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் நடுவே உள்ள குனோங் கந்தானை வெளியே இருந்தே எடுங்கள். அதன் ஒரு பகுதி சிமெண்டுக்காகக் கல்லுடைக்கும் இடம். உள்ளே நுழையக் கூடாது. பாதி வெட்டுண்டு வெள்ளையாகவும் பாதி காடு மூடிக் கறுப்பாகவும் நிற்கும் அந்த மலை, அழகான படத்தைவிட முக்கியமான ஒரு படத்தைத் தரும். அங்கே ஒரு குகையில் கண்டறியப்பட்ட பொறிக்கதவுச் சிலந்தி ஒன்றுக்கு உயிரியலார் கந்தான் என்ற பெயரையே சூட்டியிருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் போகும்போது மலை கண்ணைப் பறிக்கிறது என்பதற்காக அவசரத் தடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். அது குற்றம், உயிருக்கும் ஆபத்து. பழைய சாலையில் இறங்கி வாருங்கள்.

ஈப்போ பக்கம் போனால் தொடங்குவதற்கு எளிதான இடங்கள்: குனோங் லாங் பூங்காவின் ஏரிக்கரை, குனோங் ராபாட்டில் கெக் லோக் தோங் குகைக்கோயிலுக்குப் பின்னால் உள்ள தோட்டம், சுரங்கப் பாதை வழியாகப் போய்ப் பார்க்கும் தாசிக் செர்மின். மூன்றிலும் நீர், அல்லது நீருக்கு அருகே பாறை. காற்று எழுவதற்கு முன் போனால் மலை தலைகீழாகவும் கிடைக்கும். பழைய ஈயச்சுரங்கக் குட்டைகளிலும் நல்ல பிரதிபலிப்பு உண்டு. ஆனால் அவற்றின் கரை மணல். காலுக்கு அடியில் சரியும். விளிம்பில் முக்காலி வைக்க வேண்டாம்.

நான்காம் படி: கருவி

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கையில் இருக்கும் கேமரா போதும். பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் ஆடாத முக்காலி, இரண்டாவது போலரைசர் கண்ணாடி, மூன்றாவது தூர லென்ஸ். போலரைசரைத் திருப்பினால் ஈர இலையிலும் ஈரப் பாறையிலும் படியும் வெள்ளைப் பளபளப்பு மறைந்து அடியில் உள்ள நிறம் வெளியே வரும். நம் நாட்டில் மழைக்குப் பிந்திய பாறைக்கு அதைவிட உதவும் பொருள் இல்லை. டிரோன் வாங்கும் ஆசை இருந்தால், சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: பொத்தானை அழுத்தும் முன்

கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 100, துளை (லென்ஸ் திறந்திருக்கும் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்) எஃப்/8 அல்லது எஃப்/11. எஃப்/16க்கு மேல் போனால் கூர்மை கூடும் என்று நினைப்பவர் பலர். ஒளி வளைவதால் உண்மையில் மங்கும். முக்காலியில் வைத்து, இரண்டு விநாடித் தாமதம் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். தூர லென்ஸைக் கையில் பிடித்து எடுத்தால் 200 மி.மீ.க்கு விநாடியில் 250இல் ஒரு பங்காவது வேகம் வேண்டும். ஐஎஸ்ஓவை ஏற்றத் தயங்காதீர்கள். வெயில் ஏறிய பிறகு தார்ச்சாலைக்கு மேலாகத் தூர லென்ஸில் பார்த்தால் காற்று அலையாடும். அப்போது எவ்வளவு நல்ல லென்ஸும் கூர்மையாக எடுக்காது, பசியாறப் போகலாம்.

முன்னால் ஒரு பாறையோ பூவோ வைத்துப் பின்னால் மலையும் தெளிவாக வேண்டும் என்றால், முழுச்சட்டக் கேமராவில் 24 மி.மீ., எஃப்/8 வைத்து இரண்டரை மீட்டரில் குவியுங்கள். ஒன்றேகால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக விழும்.

ஒளியளவில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை மூடுபனியைக் காட்டினால் அழுக்குச் சாம்பலாக்கும். அப்போது ஒளியை முக்கால் புள்ளி (ஸ்டாப்) கூட்டுங்கள். வெயில் பட்ட வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் சட்டத்தில் சிறு பகுதியாகவும் சுற்றிலும் கறுத்த காடாகவும் இருந்தால், காட்டைப் பார்த்துக் கேமரா ஒளியைக் கூட்டி, சுவரை வெறும் வெள்ளைத் தாளாக்கிவிடும். அப்போது முக்கால் புள்ளி குறையுங்கள். நிழலில் ஒளிந்த விவரத்தைப் பிறகு மீட்கலாம், எரிந்துபோன வெள்ளையை மீட்க வழியில்லை.

கைப்பேசியில் பாறையின் பிரகாசமான பகுதியை விரலால் அழுத்திப் பிடியுங்கள். குவியமும் ஒளியும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்து ஒளியைக் குறையுங்கள். பல ஒளியளவில் எடுத்ததை ஒரே படமாக்கும் தானியங்கி எச்டிஆர் நிழலையும் வெயிலையும் இட்லி மாவுபோல் ஒரே சமமாகக் கரைத்துவிடும். பக்கவெயிலுக்காகக் காத்துக் கிடந்து எடுத்த படத்தில் அதைச் செய்ய விடாதீர்கள். கருவி தானாகத் திருத்தாத மூலப் பதிவான ரா வடிவில் சேமிக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

மழையும் புகையும்

மழையைக் கண்டு வீட்டில் முடங்குபவருக்கு நல்ல பாறைப் படம் கிடைக்காது. இரவில் மழை பெய்து வானம் வெளித்தால், காலையில் பள்ளத்தாக்கில் மூடுபனி கிடக்கும். மலைகளின் இடுப்புக்குக் கீழே எல்லாம் மறைந்து, உச்சிகள் மட்டும் தனித்தனித் தீவாக நிற்கும். சாலை, மின்கம்பம், விளம்பரப் பலகை எல்லாவற்றையும் பனி இலவசமாக அழித்துத் தரும். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் மலைகள் அடுக்கடுக்காக வெளிறிக்கொண்டே போகும். தூர லென்ஸில் இதைப் பிடியுங்கள்.

ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை வழக்கம். மழை ஆறு மணிவாக்கில் விட்டு, மேற்கே மேகம் கிழிந்தால், நனைந்து கறுத்த பாறைமேல் தாழ்ந்த வெயில் விழும் பத்து நிமிடம் கிடைக்கலாம். இடி முழங்கிக்கொண்டிருக்கும்போது வெட்டவெளியில் உலோக முக்காலியோடு நிற்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு வண்டிக்குள்ளேயே காத்திருங்கள். வறண்ட மாதங்களில் சில ஆண்டு புகைமூட்டம் வரும். மெல்லிய புகை சூரியனைச் செந்தட்டாக்கும் என்று ஓடுபவர்கள் உண்டு. காற்றுத் தரக் குறியீடு மோசமாக இருந்தால் வீட்டில் இருங்கள், நுரையீரல் ஒன்றுதான்.

குளிரூட்டிய காரிலிருந்து கேமராவை எடுத்தவுடன் லென்ஸ் முழுவதும் ஆவி படியும். துடைத்தால் மீண்டும் படியும். போகும் வழியிலேயே கடைசி இருபது நிமிடம் குளிரூட்டியை அணைத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

குகைக்குள்

குவா தெம்புரோங் போன்ற குகைகளில் ஃபிளாஷ் போட்டால் அருகில் உள்ள பாறை வெளுத்து, பின்னால் இருட்டுக் கிடக்கும். முக்காலியில் வைத்து 10 முதல் 30 விநாடி திறந்து விடுங்கள். அந்த நேரத்தில் கைவிளக்கைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் விழுதுகளின் மடிப்பு தெரியும். வெளியே படித்த பக்கவெயில் பாடம் இங்கேயும் செல்லும். முக்காலிக்கு அனுமதி உண்டா என்று நுழையும்போதே கேளுங்கள். குகைவாயை உள்ளிருந்து எடுக்கும்போது வெளியே உள்ள வெளிச்சத்துக்கு ஒளியைப் பூட்டுங்கள். வாயிலில் நிற்கும் மனிதர் கறுப்பு உருவமாக விழுந்து குகையின் அளவைச் சொல்லிவிடுவார். விழுதுகளைத் தொடாதீர்கள். கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் சுண்ணாம்பு படிவது தடைப்படும். கோயிலாக உள்ள குகைகளில் பூசை நடக்கும்போது கேமராவை இறக்கி வைப்பது மரியாதை.

பாறைக்கு அடியில் நிற்பது

1973 அக்டோபரில் ஈப்போ குனோங் சீரோவில் பாறை பெயர்ந்து அடிவாரத்து நீள்வீட்டின்மேல் விழுந்து, சுமார் 40 பேர் இறந்தார்கள். நாம் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் போகும் கல்லுமலைக் கோயில் அதே மலையில்தான் இருக்கிறது. முதல் படியில் சொன்ன வெள்ளைத் திட்டுகளை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். புது வெள்ளைச் சுவர், அதற்கு நேர் கீழே கூரான விளிம்புள்ள கற்கள், இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அந்த இடத்தில் நிற்கவே கூடாது. கனமழைக்குப் பிந்திய நாட்களில் எந்தச் செங்குத்து முகத்துக்கும் அடியில் உட்கார்ந்து பசியாற வேண்டாம். தூர லென்ஸ் பற்றி அவ்வளவு சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். தனியாகப் போகாதீர்கள், போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஊர் தாண்டிப் போகும்போது

ஊரில் சுண்ணாம்புக்கல்லில் பழகிய கண்ணுக்கு மற்றப் பாறைகளின் குணம் விரைவில் பிடிபடும். கருங்கல் மலைகளுக்கு விளிம்பு மழுங்கி, உருண்டு திரண்டிருக்கும். சபாவில் உள்ள கினபாலுவின் 4,095 மீட்டர் உச்சி அப்படிப்பட்ட கருங்கல்; நடக்கும்போதே காலடியில் பாறை பெரும் பலகையாக விரியும். அங்கே நம் கடிகாரம்தான், ஆனால் கிழக்கே தள்ளியிருப்பதால் சூரியன் ஆறு மணியை ஒட்டியே வந்துவிடும். அதனால்தான் உச்சிக்கு ஏறுபவர்களை அதிகாலை இரண்டரை மணிவாக்கில் கிளப்புகிறார்கள். அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் கட்டாயம். காலை ஏறஏற மேகம் மூடிவிடும். ஆகவே இறங்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று எதையும் ஒத்திப்போடாதீர்கள்.

சரவாக்கில் முலுவின் ஊசிப்பாறைகள் நம் கிந்தா மலைகளின் உறவு, அதே சுண்ணாம்புக்கல். 45 மீட்டர் வரை உயரமான கூர்முனைகள் காட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். 2.4 கிலோமீட்டர்தான் ஏற்றம், ஆனால் கடைசிப் பகுதி ஏணிகள். அங்கே கனமான முக்காலியைத் தூக்கிப் போனவர்கள் வழியெல்லாம் அதைத் திட்டிக்கொண்டுதான் போவார்கள். லங்காவியின் மாச்சிஞ்சாங் மணற்கல். அடுக்கு அடுக்காகப் படிந்தது. கேபிள் கார் ஓடத் தொடங்கும்போது காலை மென்வெயில் போயிருக்கும், மாலையை நம்புங்கள்.

தமிழ்நாட்டுக்கு உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் மதுரை யானைமலையை ஒரு காலை ஒதுக்கிப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் யானை படுத்திருப்பது தெரியும். எந்தப் பக்கம் என்பதை வரைபடத்தில் முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள். செஞ்சியிலும் கர்நாடகத்தின் ஹம்பியிலும் உருண்டைக் கருங்கற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். அங்கெல்லாம் சூரியன் ஆறு, ஆறேமுக்காலுக்குள் உதிக்கும். ஏழுமணிப் பழக்கத்தோடு அலாரம் வைத்தால் பொன்வெயில் காப்பி குடிக்கும் நேரத்தில் போய்விடும்.

புது ஊரில் இறங்கிய முதல் நாள் மாலை படமெடுப்பதைவிட நடப்பதற்குச் செலவிடுங்கள். மறுநாள் காலை நிற்கப்போகும் இடத்தை வெளிச்சத்தில் பார்த்து, இருட்டில் எப்படி வந்துசேர்வது என்று பழகிக்கொள்ளுங்கள். டீக்கடைக்காரரையோ ஓட்டுநரையோ மலையில் எந்த நேரத்தில் வெயில் விழும் என்று கேட்டால், செயலியைவிடத் துல்லியமாகச் சொல்லக்கூடும். லித்தியம் மின்கலங்களைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்குப் பெட்டியில் போட்டால் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்க வைப்பார்கள். முக்காலி சரக்குப் பெட்டிக்குள் போகட்டும்.

வீடு திரும்பிய பிறகு

படங்களை அன்றே இரண்டு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். ஒரே மலையின் நாற்பது படங்களில் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திருத்தும்போது முதலில் அடிவானத்தை நேராக்குங்கள், பிறகு வெண்சமநிலையை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்வது) வெயில் அளவுக்கு, 5200 முதல் 5500 கெல்வின் வரை, வையுங்கள். கைப்பேசிப் படங்களில் சுற்றியுள்ள காட்டின் பச்சை பாறையில் ஏறியிருக்கும். அதைக் கொஞ்சம் குறைத்தாலே சாம்பல் தன் நிறத்துக்கு வந்துவிடும். நிறச்செறிவு நகர்த்தியைத் தொடும் முன் ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

கேமராவைப் பைக்குள்ளேயே போட்டு அலமாரியில் மூடி வைத்தால் நம் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். உலர்பெட்டி வாங்க முடியாதவர்கள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கலாம். ஜெல் நிறம் மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள், புதியதை மாற்றிவிடுங்கள்.